சாவி போடாத வண்டியில் கேட்ட குரல்

போன வருஷம் வைகாசி மாதம், எங்கள் தீவில் சாத்தம் ஜெட்டியிலிருந்து அக்கரையில் இருக்கிற பேம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற ஃபெர்ரியில் நடந்தது இது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "மெதுவா சொல்லும்மா, கை வலிக்குது" என்கிறாள். வாய் வலிக்காத எனக்கு அவள் கை வலி எங்கே தெரிகிறது!

அந்த ஃபெர்ரிப் பயணம் ஒன்றும் பெரிய பயணம் இல்லை. வெற்றிலையை மடித்துப் போட்டு, சாறு ஊறி, துப்ப இடம் தேடுவதற்குள் அக்கரை வந்துவிடும். அதற்குள் என்ன நடந்துவிடப் போகிறது என்று நானும்தான் நினைத்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மருமகன் ஒரு பழைய கார் வாங்கினார். மெயின்லேண்டுக்கே திரும்பிப் போகிற ஒருவர் விற்றுவிட்டுப் போனது. வெள்ளை நிறம். எனக்கு அந்த வண்டி என்றால் உயிர். முன் சீட்டில் உட்கார்ந்து போனால் எங்கள் கராச்சர்மா ஊரே வாசலுக்கு வந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். என் பேத்திக்கு அதைவிட உயிர். அப்போது அவளுக்கு நாலு வயது. பாட்டுப் போட்டு வண்டியில் உட்கார வைத்தால்தான் சோறு இறங்கும், அங்கேயேதான் தூக்கமும் வரும். இந்தக் கதையில் நான் பட்ட பயமெல்லாம் அந்தக் குட்டிக்காகத்தான்.

வண்டியில் இருந்த பழைய ஸ்பீக்கர்களுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. மருமகனுக்குப் பாட்டு இல்லாவிட்டால் கைகால் ஓடாது. மெயின்லேண்டிலிருந்து புது ஸ்பீக்கர் வரவழைத்தார். கதவுக்கு ஒன்றாக நாலு, டிக்கியில் வைக்கத் தவில் மாதிரி ஒரு பெட்டி, இதற்கெல்லாம் சக்தி கொடுக்க ஆம்ப் என்று ஒரு இரும்புப் பலகை. எல்லாம் வந்துவிட்டது, வயர் மட்டும் வரவில்லை.

அவசரம் ஏன் என்றால், அவருடைய அக்கா மகளுக்குக் காது குத்து. அக்கா வீடு பேம்பூஃப்ளாட் தாண்டி உள்ளே இருக்கிறது. இவர்தான் தாய்மாமன். நாங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். எங்களில் தாய்மாமன் சீர் சத்தமில்லாமல் போகவே கூடாது. அங்கே என்றால் மேளம் வைப்போம், வெடி போடுவோம். இங்கே மேளக்காரருக்கு எங்கே போவது? அதனால் மருமகன், "என் வண்டியே மேளம் அத்தே" என்று சொல்லிவிட்டார். தெரு முனையில் வண்டியை நிறுத்தி, பாட்டை வைத்து, பின்னால் தட்டுகளோடு நாங்கள் நடந்து போக வேண்டும். அதுதான் திட்டம்.

வயர் வாங்கப் பஜாருக்கு என்னையும் கூட்டிப் போனார். கூட்டிப் போனார் என்ன, நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரர் எங்கள் பக்கத்துப் பாய். மரியாதையான மனிதர். ஒரு சுருளை எடுத்துப் போட்டார். கண்ணாடி மாதிரி ரப்பருக்குள் செம்பு நிறத்தில் தகதகவென்று மின்னியது. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எங்க நாத்தனார் கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்த கவரிங் செயின் மாதிரி இருக்கே" என்றேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெரியம்மா சரியாத்தான் சொன்னீங்க. உள்ள அலுமினியம், மேல செம்புப் பூச்சு. கதவு ஸ்பீக்கருக்கு இது ஓடும் மாப்ளே. பேட்டரியில இருந்து ஆம்புக்கு இழுக்க இது வேணாம், சூடேறிக்கும். தடியா அசல் செம்பு வருது, ஷிப்ல இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

"ஷிப்பு என்னைக்கு பாய் சொன்ன நாளைக்கு வந்துருக்கு? மௌசமே கராபா கிடக்கு, ஒரே மழையும் காத்தும். ஞாயித்துக்கிழமை காதுகுத்து. மாமன் ஊமையா போய் இறங்கினா என் அக்கா என்னைய சும்மா விடுமா?"

"அப்ப பேட்டரி பக்கத்துல ஃபியூஸாவது போட்டுக்கங்க. மறந்துடாதீங்க."

"ஹோ ஜாயேகா பாய்" என்றார் மருமகன். இந்தத் தீவில் ஒருவர் "ஆயிடும்" என்று ஹிந்தியில் சொன்னால் அது ஆகாது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் நான் ஹிந்தியில் கற்றுக்கொண்டது அதுதான்.

வீட்டில் தானே உட்கார்ந்து பூட்டினார். வண்டியின் தரையில் கால்மிதியாக விரித்திருக்கிற ரப்பர் மேட்டைத் தூக்கி, அந்தக் கவரிங் வயரை பானெட்டிலிருந்து பின் சீட்டுக்கு அடியில் ஓட்டி, டிக்கிக்குக் கொண்டுபோனார். இன்னொரு காரியமும் செய்தார். சீர் இறக்கும்போது வண்டி நின்றுகொண்டிருக்கும், சாவியை எடுத்தாலும் பாட்டு நிற்கக் கூடாது என்று எல்லாவற்றையும் நேராக பேட்டரியோடு சேர்த்துவிட்டார். வேறு யாரும் செய்வார்களா தெரியாது. தாய்மாமனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். பாட்டை வைத்ததும் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. பேத்தி ஆடினாள். நானும் ஆடினேன். மகள் இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதடி.

இதுவரை சந்தோஷம். இனிமேல்தான் வேறு.

மறுநாள் சாயங்காலம். எங்கள் தீவில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். மெயின்லேண்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் விளக்கு வைத்துவிடுவோம். நான் வண்டி நிற்கிற கொட்டகைப் பக்கம் துணி எடுக்கப் போனேன். பேத்தி வண்டிக்குள் ஏறி, கதவில் இருக்கிற ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஓடவில்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது.

"என்னடி பண்றே?"

"உள்ள ஒரு ஆளு மூச்சு விடுறாரு அம்மாச்சி."

சிரித்துக்கொண்டே நானும் காதை வைத்தேன். மூச்சுதான். உள்ளே இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, வெளியே விடுகிற மாதிரி ஒரு சத்தம். நடுவில் ஒரு சின்ன 'டிக்', நாக்கைச் சொடுக்குகிற மாதிரி. அப்புறம் எங்கேயோ கிணற்றுக்கு அடியிலிருந்து ஒரு ஆண் குரல். வார்த்தை பிடிபடவில்லை. நாலு சொல், ஒரு நிறுத்தம். மறுபடி ரெண்டு சொல். மறுபடி மூச்சு.

பயந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற வேலையில் இருந்தவர். கடைசிக் காலத்தில் அவர் இடுப்பில் ஒரு வயர்லெஸ் பெட்டி தொங்கும். அதில் பேசிப் பேசி அவர் பேச்சே அப்படி ஆகிவிட்டது. வீட்டிலும் நாலு வார்த்தை பேசுவார், நிறுத்துவார், மறுபடி ரெண்டு வார்த்தை. அவர் போய் அப்போது ரெண்டு வருஷம் இருக்கும். குரல் மறந்துபோகுமோ என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த நேரம். இப்போது வண்டிக் கதவுக்குள்ளிருந்து அதே மாதிரி நாலு சொல், ஒரு நிறுத்தம்.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

குரல் நின்றது. மூச்சு மட்டும் வந்தது.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வேன். யார் வந்தார்கள், மீன்காரன் சூரை மீனுக்கு என்ன விலை சொன்னான், பேத்திக்கு என்ன புதுப் பேச்சு வந்தது, எல்லாம் சொல்வேன். சில நாள் வெறும் மூச்சுதான். சில நாள் குரல் வரும். நான் பேசும்போது வராது, நான் நிறுத்தினால் வரும். உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான், என் பேச்சில் குறுக்கே வந்த மனுஷன் இல்லை.

மகளும் ஒருநாள் வந்து காதை வைத்துக் கேட்டாள். அவள் முகம் வெளுத்துப் போய்விட்டது. "அம்மா, இறங்கு. பிள்ளையை இந்த வண்டியில ஏத்தாதே" என்றாள். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா, இது பூதம்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். அவள் அப்படிச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தினமும் காலையில் வண்டி கிளம்பாது. பேட்டரி செத்துக் கிடக்கும். தெருவே கூடித் தள்ள வேண்டும். "ராத்திரி யாரோ வண்டிய எடுத்துட்டுப் போறாங்க. அதான் காலையில அதுக்குத் தெம்பு இல்லை" என்று அந்த அம்மா ஹிந்தியில் சொன்னபோது, தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ரெண்டு பேர் கையை எடுத்துவிட்டார்கள்.

மருமகன் மட்டும், "பேட்டரி பழசு அத்தே, வேற ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்கு யாரும் பார்க்காத நேரத்தில் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் பார்த்துவிட்டேன். காதுகுத்து முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறேன் என்று மகளிடம் சத்தியம் பண்ணினார்.

காதுகுத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். டிக்கி முழுக்கத் தவில் பெட்டி. அதனால் சீர்ச் சாமான்களைப் பின் சீட்டில்தான் வைக்க வேண்டியிருந்தது. பட்டுப் பாவாடை, வளையல், பழம், தேங்காய், பூமாலை. அதோடு ஒரு பித்தளை அண்டா நிறைய அரிசி. தாய்மாமன் சீரில் அண்டா இல்லாமல் எப்படி? அதை என் காலடியில், தரையில் மேட்டுக்கு மேலே இறக்கி வைத்தார்கள். ரெண்டு ஆள் தூக்குகிற கனம். நான் பின்னால், பேத்தி என் மடியில் தலை வைத்து. அவள் கதவைத் திறந்துவிடுவாள் என்று பின் கதவு ரெண்டையும் உள்ளிருந்து திறக்க முடியாதபடி மருமகன் எப்போதும் பூட்டு போட்டு வைப்பார். வெளியிலிருந்துதான் திறக்க வரும்.

சாத்தத்தில் ஃபெர்ரி ஏறும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு இடது பக்கம் பலகை ஏற்றிய ஒரு லாரி ஒட்டி நின்றது. வலது பக்கம் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. பேத்தி தூங்கிவிட்டாள். மகளும் மருமகனும் காற்று வாங்க மேலே போனார்கள். "நீயும் வாயேன்" என்றாள் மகள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கதவுகளைப் பூட்டி, கண்ணாடியை ஒரு விரல் அளவு மட்டும் இறக்கி வைத்துவிட்டுச் சாவியோடு போய்விட்டார்கள்.

ஃபெர்ரி கிளம்பியது. இருட்டிக்கொண்டு வந்தது. லாரி மறைத்துக்கொண்டதால் வண்டிக்குள் என் கையே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்போது குரல் வந்தது.

வீட்டில் கேட்ட மாதிரி கிணற்றுக்கு அடியிலிருந்து இல்லை. ஒரு கதவு இல்லை, நாலு கதவிலிருந்தும். என் காதுக்குப் பக்கத்தில், பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில், முன்னால், பின்னால். ஒரு ஆள் வண்டிக்குள் எங்களோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி. நாலு சொல். நிறுத்தம். ரெண்டு சொல். என்ன பேச்சு என்று தெரியவில்லை, ஆனால் அவசரமாகக் கூப்பிடுகிற குரல் அது. ஜெட்டியில் கயிறு நழுவினால் அவர் அப்படித்தான் கத்துவார். என் காலடியில் அண்டாவும் அதோடு சேர்ந்து 'ம்ம்ம்ம்' என்று முனகியது. அரிசிக்குள் யாரோ விரலை விட்டு அளைகிற மாதிரி ஒரு நறநறப்பு.

"என்ன இன்னைக்கு இவ்வளவு கிட்ட?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மடியில் கிடந்த பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே தெளிவாகச் சொன்னாள்:

"தாத்தா கூப்பிடுறாங்க."

அவளை இழுத்து மாரோடு அணைத்துக்கொண்டேன். அவர் போகும்போது அவளுக்கு ரெண்டு வயது. அவர் மடியில்தான் தூங்குவாள். இத்தனை நாள் நான் ஆசையாகப் பேசினேனே, அந்தக் குரல் யாரைத் தேடி வந்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. என்னைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கூப்பிட்டால் நான் செருப்புகூடப் போடாமல் வருவேன். ஆனால் பிள்ளையை?

நான் அவரை எதிர்த்துப் பேசியவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "என்னையக் கூப்பிடுங்க, வரேன். பிள்ளைப் பக்கம் திரும்பாதீங்க. கேக்குதா? திரும்பாதீங்க!"

குரல் பட்டென்று நின்றுவிட்டது. மூச்சும் இல்லை.

இந்த வண்டியில் பிள்ளை இனி ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. மற்ற கதவும் அப்படியே. சாவி இல்லாமல் கண்ணாடியும் இறங்கவில்லை. அப்போதுதான் பாதத்தில் சூடு தெரிந்தது. நான் வண்டியில் ஏறினால் செருப்பைக் கழற்றிவிடுவேன். அண்டாவுக்குப் பக்கத்தில் மேட்டு, வெயிலில் கிடந்த கல் மாதிரி சுட்டது. பிறகு நாற்றம். ரப்பர் தீய்கிற நாற்றம், பூமாலை வாசத்தோடு கலந்து வந்தது. அந்தக் கலப்பு நாற்றத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

பிள்ளையை உலுக்கி எழுப்பினேன். முன் சீட்டு ரெண்டுக்கும் நடுவில் அவளைத் தள்ளினேன். "கண்ணு, அப்பா உக்கார்ற பக்கம் போடி. கதவுல ஒரு குமிழ் இருக்கும் பாரு, அதத் தூக்குடி தங்கம்." அரைத்தூக்கத்தில் அழுதுகொண்டே போனாள். நான் எக்கி, ஸ்டீயரிங்கின் நடுவில் கையை வைத்து என் பாரத்தை எல்லாம் போட்டேன். ஹார்ன் அலறியது. எடுக்கவே இல்லை, அழுத்திக்கொண்டே இருந்தேன். கீழே புகை எழும்பி என் முழங்கால் வரை வந்துவிட்டது. பிள்ளை இருமினாள். ஒரு நொடி மனசுக்குள் சொன்னேன், இவள் மட்டும் போனால் போதும், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று. யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

குமிழ் எழும்பிய 'டக்' சத்தம் கேட்டது. கதவு வெளியிலிருந்து திறந்தது. லாரிக்காரர். பனியன் போட்டு, தோளில் துண்டு, தாடி. "பச்சி கோ தோ, மாஜி, ஜல்தி!" என்று கையை நீட்டினார். பிள்ளையைக் கொடு என்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளை வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டு, பின் கதவின் குமிழையும் தூக்கித் திறந்து, என்னை அரிசி மூட்டை மாதிரி அலக்காகத் தூக்கி இறக்கினார். பிறகு உள்ளே கையை விட்டு எதையோ இழுத்தார், பானெட் திறந்துகொண்டது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பேட்டரியில் மாட்டியிருந்த அந்தக் கவரிங் வயரைப் பிடித்துப் பிடுங்கினார். வயரில் ரப்பர் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டையும் தாண்டிச் சுட்டிருக்க வேண்டும், "ஸ்ஸ்" என்று கையை உதறினார். ஃபெர்ரிக்காரர்கள் வாளி மணலோடு ஓடிவந்தார்கள். மேட்டைப் புரட்டி மணலைக் கொட்டினார்கள். தீ கொழுந்துவிடுவதற்கு முன்பே அமுங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு லாரி நிறையக் காய்ந்த பலகை.

இது வரைக்கும் எல்லோரும் பார்த்தது. இனிமேல் சொல்வதை நானும் அந்த லாரிக்காரரும் மட்டும்தான் கேட்டோம்.

வயரைப் பிடுங்கியாகிவிட்டது. வண்டி செத்துக் கிடக்கிறது. நாங்கள் ரெண்டு பேரும் பானெட் பக்கம் நிற்கிறோம். வண்டிக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. உள்ளே இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, நீளமாக வெளியே விட்ட மூச்சு. பாரம் இறக்கி வைத்தவன் விடுகிற மாதிரி.

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். அங்கே அண்டாவும் கருகின பாவாடையும்தான். "மாஜி, அந்தர் ஔர் கோன் ஹை?" என்று மெதுவாகக் கேட்டார். உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று.

"கோயி நஹி" என்றேன். யாரும் இல்லை என்று. அது பொய்யா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கழுத்தில் இருந்த தாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மகளும் மருமகனும் படியில் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். மகள் பிள்ளையை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருமகன் என் காலைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, அத்தே" என்று அழுதார். அக்கரையில் வண்டிகள் இறங்க ஆரம்பித்ததும் லாரிக்காரர் லாரியில் ஏறி உட்கார்ந்தார். உள்ளங்கை சிவந்து கொப்புளித்திருந்தது. சீர்த் தட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பையும் தேங்காயையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். வேண்டாம் என்று சிரித்தார். "சீர் உனக்குத்தான்டா, வாங்கிக்கோ" என்று தமிழிலேயே அதட்டினேன். புரிந்ததோ என்னவோ, வாங்கிக்கொண்டார். அவர் யார், எந்த ஊர் என்று கேட்க வேண்டும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு சாத்தம் போகும்போதெல்லாம் லாரிகளின் முன்பக்கத்தைப் பார்க்கிறேன். அந்தத் தாடியைக் காணவில்லை.

மறுநாள் தாய்மாமன் சீர் பாட்டு இல்லாமல்தான் போனது. அண்டா அடிப்பக்கம் கறுத்திருந்தது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டு தட்டை ஏந்தி நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தெருமுனையில் நின்று குலவை போட்டேன். என்னோடு வந்தவர்கள் போட்டார்கள், அந்தத் தெருவில் இருந்த பெங்காலிப் பெண்கள் அவர்கள் வழியில் உலு உலு என்று சேர்ந்துகொண்டார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு சத்தத்தோடு யார் மாமனும் வந்திருக்க மாட்டான். அவர் அக்கா, "பாட்டு எங்கடா?" என்று கேட்கவே இல்லை.

பிறகு ஷிப் வந்தது. பாய் கடையில் அசல் செம்பு வயர் வந்தது. இந்த முறை மெக்கானிக்கைக் கூப்பிட்டுத்தான் பூட்டினார்கள். பழையதைப் பிரித்துக் காட்டினார் அவர். ஆம்ப் சாவி இல்லாமலே எப்போதும் விழித்துக்கொண்டு இருந்திருக்கிறது, அதனால்தான் தினமும் பேட்டரி செத்தது. அண்டாவின் கனத்தில் வயர் நசுங்கி, சீட்டு இரும்பில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கிறது. ஃபியூஸ் இருந்திருந்தால் அப்போதே அறுந்து காப்பாற்றியிருக்கும். குரலா? கப்பல்காரர்கள் வயர்லெஸ்ஸில் பேசுவது காற்றில்தான் போகிறதாம். ஒழுங்கில்லாத வயர் அதைப் பிடித்துவிடுமாம், அதனால்தான் ஃபெர்ரியில் அவ்வளவு சத்தமாக வந்ததாம்.

"வயரைப் பிடுங்கினதுக்கு அப்புறமும் கேட்டுச்சே தம்பி?"

"ஆம்புக்குள்ள கொஞ்சம் கரண்ட் தேங்கி நிக்கும்மா. அது தீர்ற வரைக்கும் ஒரு செகண்ட் சத்தம் வரும்."

இருக்கும். அவர் தொழில் அது, சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் குரல் அன்றைக்கு அவ்வளவு கிட்ட வராமல் இருந்திருந்தால், பிள்ளை தூக்கத்தில் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், நான் தலையைச் சாய்த்துத் தூங்கியிருப்பேன். புகை வரும்வரை எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இதற்கு மெக்கானிக்கிடம் பதில் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

இப்போது வண்டியில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. பேத்தி அதே மாதிரி ஆடுகிறாள். அசல் செம்பு வயர் சும்மா இருக்கும்போது மூச்சுகூட விடுவதில்லை. விளக்கு வைத்ததும் துணி எடுக்கப் போகிறவள் இன்னமும் வண்டியில் கொஞ்சம் உட்கார்ந்து, "பிள்ளை நல்லா இருக்கா, சாப்பிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். பதில் வராத வரைக்கும் எல்லோரும் பத்திரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு நொடி காதைக் கொடுக்காமல் இருக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.